உணவுப் பார்சலுக்கான காகிதப் பெட்டி: மறுசுழற்சிக்கு ஏற்றதாகவும் தீய ரசாயனம் இல்லாமலும் செய்ய முழு வழிகாட்டி

இனிப்பு, காரக் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் உணவகங்களுக்கும் பெட்டி, பை, தட்டு, சுற்றுத்தாள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்காக எழுதியது இது. கடையே நேரடியாக ஆர்டர் கொடுத்துச் செய்வித்தாலும் இதே வரிசைதான்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டிங்கில் தொடங்குகிறார்கள். "பி.இ. (பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) பூச்சுக்குப் பதில் என்ன போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அந்தக் கேள்வி ஆறாவது இடத்தில் வர வேண்டியது. அடித்தாளுக்கு அடுத்தபடியாக, உணவில் இறங்கும் ரசாயனமும், மறுசுழற்சி ஆலையில் கூழாகாமல் நிற்கும் பொருளும் பெரும்பாலும் கோட்டிங், பசை, மை ஆகிய மூன்றின் வழியாகவே வருகின்றன. இவற்றில் எதைப் போடாமல் தவிர்க்கலாம் என்று முதலில் பார்த்துவிட்டால், சோதிக்க வேண்டிய பட்டியலும் அந்த அளவுக்குச் சுருங்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, சமையல் வெப்பமானி, சொட்டுக் குழாய், மை உறிஞ்சும் தாள், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச், இஸ்திரிப் பெட்டி, வாளி, ஜல்லிக்கரண்டி, டிரில் இயந்திரத்தில் மாட்டும் பெயிண்ட் கலக்கி. எல்லாம் சாதாரணக் கடைகளில் கிடைக்கும்.

சோதனைக்குச் சிவப்பு எண்ணெய் ஒரு பாட்டில் தயார் செய்யுங்கள். 200 மி.லி. கடலை எண்ணெயில் 2 ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டு லேசாகச் சூடாக்கி, ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். நிறமில்லாத எண்ணெய் மெல்லக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

சோதிக்கும் ஒவ்வொரு தாளிலும் 20 மாதிரிகள் வேண்டும். ரீல் எண், தேதி, விற்றவர் பெயர் மூன்றையும் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் ஆய்வக முடிவில் எட்டிப் பார்க்கும்.

2. உணவைப் பற்றி நான்கு விவரம் எழுதுங்கள்

எண்ணெய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பெட்டியில் வைக்கும்போது சூடு எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும். இந்த நான்கும் இல்லாமல் எந்தத் தாளையும் தேர்ந்தெடுக்க முடியாது. "உணவுக்கான பெட்டி" என்று பொதுவாகச் சொன்னால் விற்பவர் இருப்பதிலேயே கனமான கோட்டிங்கைத்தான் தருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பஜ்ஜி, வடையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அதிகம், சூடும் அதிகம், ஆனால் நேரம் 15 முதல் 30 நிமிடம்தான். இதற்குக் கோட்டிங்கே வேண்டாம், நன்றாக அரைத்த கூழில் செய்த, எண்ணெய் எளிதில் ஊறாத கிரீஸ்புரூஃப் தாள் போதும். இட்லியில் எண்ணெய் இல்லை, ஆவிதான் பிரச்சினை. நீர் எதிர்ப்புச் சேர்த்த வெறும் தாளும், பெட்டியில் இரண்டு ஆவித் துளையும் இருந்தால் முடிந்தது. அல்வாவில் நெய் இரண்டு மூன்று நாள் தாளோடு ஒட்டியே இருக்கும், அங்கே உண்மையான தடுப்பு தேவை. பிரியாணியில் எண்ணெய், ஆவி, சூடு மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால் அதுதான் கடினமான தேர்வு.

இரண்டு உணவுகளைக் காகிதத்தில் அடைக்க முயலாதீர்கள். சாம்பார், ரசம் போன்ற திரவங்களுக்கு வேண்டிய தடுப்பைக் காகிதத்தின் மேல் ஏற்றினால் அது பெயருக்குத்தான் காகிதம். திருப்பித் தரும் எவர்சில்வர் தூக்கு அங்கே நல்லது. மூன்று மாதம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய மிக்சர், முறுக்கும் அப்படித்தான். ஈரக்காற்றை அவ்வளவு நாள் நிறுத்தும் காகிதம், கூழாக மறுக்கும் காகிதமாகவே இருக்கும். உள்ளே ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் தனிப் பை, வெளியே கோட்டிங் இல்லாத அட்டை என்று பிரித்து வைத்தால் இரண்டும் தத்தம் வழியில் போகும்.

3. பழைய பேப்பர் வாங்குபவரிடம் இப்போதே பேசுங்கள்

பெட்டி செய்து முடித்த பிறகுதான் பலர் இதைச் செய்கிறார்கள். "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்பதை உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் வியாபாரி யாரிடம் விற்கிறாரோ அந்த ஆலையின் இயந்திரம்தான் தீர்மானிக்கிறது.

கேட்க வேண்டியவை: ஆலை பழுப்பு கிராஃப்ட் தாள் செய்கிறதா, வெள்ளைத் தாள் செய்கிறதா? கூழாக்கும் நேரம் எவ்வளவு? மை நீக்கும் பிரிவு உண்டா? பி.இ. பூசிய சரக்கை வாங்குமா, கழிக்குமா?

பழுப்பு அட்டை ஆலைக்கு மை பெரிய தொல்லை இல்லை, பிசுபிசுப்பான பசைதான் எதிரி. வெள்ளைத் தாள் ஆலைக்கு மையும் எதிரி. தண்ணீர் சார்ந்த ஃபிளெக்ஸோ மை (வளையும் அச்சுத்தகட்டில் அடிப்பது) உணவுப் பெட்டிக்கு நல்ல தேர்வுதான். ஆனால் அதன் துகள் மிக நுண்ணியது. நுரையில் மிதக்கவிட்டு மை நீக்கும் ஆலையில் அது நுரையோடு வராமல் கூழிலேயே தங்கிச் சாம்பல் நிறம் ஏற்றும். உங்கள் சரக்கு எந்த ஆலைக்குப் போகும் என்று தெரியாமல் மையைத் தேர்ந்தெடுக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

4. இப்போதுள்ள பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

புதிதாக எதையும் வாங்குமுன் இருப்பதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நான்கு சோதனைகள், ஒரு மணி நேர வேலை.

முதலாவது கிழித்தல். மெல்ல இழுத்துக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பில் கண்ணாடி போன்ற படலம் நீண்டு வந்தால் அது பி.இ. அல்லது பி.எல்.ஏ. (மாவுச்சத்திலிருந்து செய்யும் மட்கும் பிளாஸ்டிக்) பூச்சு. சந்தேகமிருந்தால் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். நார் கழன்று படலம் மட்டும் முழுசாகக் கையில் நிற்கும். தண்ணீரில் கலந்து பூசும் டிஸ்பர்ஷன் கோட்டிங் இப்படி முழுப் படலமாக வராது.

இரண்டாவது எண்ணெய்ச் சொட்டு. சாதா எண்ணெயை அறை வெப்பத்தில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஊறினால் வெறும் தாள். ஊறாமல் தட்டையாகப் பரவினால் படலமோ கிரீஸ்புரூஃப் தாளோ. தாமரை இலையில் தண்ணீர் போல எண்ணெய் உருண்டு நின்றால் எச்சரிக்கை: ஃபுளோரின் சேர்ந்த, எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனமாக இருக்கலாம். சிலிகோன் பூசிய பேக்கிங் தாளிலும் சொட்டு உருளும் என்பதால் இதை முடிவாக எடுக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய மாதிரி என்று குறித்து வையுங்கள்.

கரும்புச் சக்கைத் தட்டு, கிண்ணங்களை இந்தச் சோதனையிலிருந்து விட்டுவிடாதீர்கள். வார்த்தெடுக்கும் பொருள்களில் பி.எஃப்.ஏ.எஸ்.ஸை மேலே பூசுவதில்லை, கூழிலேயே கலந்துவிடுவார்கள். பூச்சு எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் "இயற்கைப் பொருள்" என்று நம்பி வாங்குகிறோம். சூடான எண்ணெயை மணிக்கணக்கில் தாங்குகிற வெறும் சக்கைத் தட்டு என்றால், தாங்க வைப்பது எது என்று கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது புற ஊதா டார்ச். இருட்டறையில் உட்புறத்தைப் பாருங்கள். ஆங்காங்கே நீலமாக மின்னும் நார்கள் தெரிந்தால் பழைய அலுவலகத் தாள் கலந்திருக்கிறது. முழுவதும் ஒரே சீராக நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த தாள். இரண்டும் எண்ணெய்ப் பண்டத்தை நேராகத் தொடக் கூடாது.

நான்காவது மடிப்பு. பெட்டியை மடித்து நிறுத்தி, சிவப்பு எண்ணெயை மூலைகளிலும் மடிப்புக் கோட்டிலும் விட்டு, அடியில் உறிஞ்சு தாள் வையுங்கள். பரப்பில் எதையும் கசிய விடாத கோட்டிங் மடிப்பில் உடைந்து கசியும். பெட்டிகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

5. அடித்தாள்

கோட்டிங்கைவிட முக்கியமான முடிவு இது.

நம் ஊர் இனிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை சாம்பல் முதுகு டியூப்ளெக்ஸ் அட்டை. வெள்ளை முகம் வெளியே அச்சுக்கு, பழைய பேப்பரால் ஆன சாம்பல் முதுகு உள்ளே உணவுக்கு. இது தலைகீழான ஏற்பாடு. பழைய செய்தித்தாள் மையிலிருந்து கனிம எண்ணெய், கார்பன் இல்லாத நகல்தாளிலிருந்து கரைப்பான், பில் அச்சடிக்கும் வெப்பத்தாளிலிருந்து பிஸ்பினால் ஏ, பழைய பசைகளிலிருந்து தாலேட்டுகள் (இளக்கியாகச் சேர்க்கும் ரசாயனங்கள்) எல்லாம் அந்த முதுகில் சேர்ந்திருக்கின்றன. கூழாக்கும்போது இவை முழுதாகப் போவதில்லை. நெய்யும் எண்ணெயும் இவற்றை எளிதில் கரைத்து எடுத்துக்கொள்ளும். உணவு தொடாவிட்டாலும் கனிம எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகிக் காற்று வழியே உணவில் படியும். பி.இ. படலம் அதை நிறுத்தும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், கனிம எண்ணெய்க்கு பி.இ. மிகப் பலவீனமான தடை.

எனவே எண்ணெய்ப் பண்டம் தொடும் தாள் புதுக்கூழில் செய்ததாக இருக்கட்டும். பெட்டிக்கு 230 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஃபோல்டிங் பாக்ஸ் அட்டை, சுற்றுவதற்கு 35 முதல் 45 ஜி.எஸ்.எம். கிரீஸ்புரூஃப் தாள். மறுசுழற்சி அட்டையை வெளிப்பெட்டிக்கு வையுங்கள்.

செலவு இடிக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மெல்லிய அட்டையில் பெட்டி, உள்ளே ஒட்டாமல் வைத்த கிரீஸ்புரூஃப் விரிப்புத்தாள். எண்ணெய் விரிப்போடு நிற்கும், பெட்டி சுத்தமாக இருக்கும். எண்ணெய் ஊறிய அட்டையை எந்த ஆலையும் விரும்புவதில்லை. விரிப்பை எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பழைய பேப்பரில் சேர்க்க முடிந்தால் அதுவே பாதி வெற்றி. விரிப்பை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், ஒட்டினால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஈரத்தில் கிழியாமலிருக்கச் சேர்க்கும் வெட் ஸ்ட்ரெங்த் பிசின். எபிகுளோரோஹைட்ரின் சார்ந்த அந்தப் பிசினிலிருந்து 3-எம்.சி.பி.டி., 1,3-டி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்கள் உணவில் இறங்கலாம். ஈரத்தில் கிழியாத தாள் ஆலையில் கூழாகவும் அடம் பிடிக்கும். ஒரே பொருள் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. தேநீர்ப் பை போன்றவற்றுக்கு வேறு வழியில்லை, பெட்டிக்கு இது தேவையே இல்லை.

இன்னொன்று, பட்டர் பேப்பர் என்ற பெயர். கடையில் கிரீஸ்புரூஃப், கந்தக அமிலத்தில் தோய்த்த பார்ச்மென்ட், சிலிகோன் பூசிய தாள், மெழுகுத் தாள் நான்கையும் இதே பெயரில் விற்கிறார்கள். இவற்றில் எளிதாகக் கூழாவது முதலாவது மட்டும்.

நீர் எதிர்ப்பைக் காப் சோதனையில் பாருங்கள். 100 சதுர செ.மீ. வளையத்துக்குள் 100 மி.லி. நீர் ஊற்றி, 45 விநாடியில் கொட்டி, 60ஆம் விநாடியில் ஒற்றியெடுத்து எடை பார்ப்பது முறை. கூடிய எடையை 100ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் நீர் என்று வரும். இட்லிப் பெட்டிக்கு 25க்குக் கீழே இருக்கட்டும். ஆலையிலிருந்து அன்றைக்கே வந்த தாளை அளக்காதீர்கள். ஏ.கே.டி. என்ற நீரெதிர்ப்புப் பொருள் முழுதாக வேலை செய்யச் சில நாள் ஆகும், அதற்குள் அளந்து நல்ல தாளைத் திருப்பியனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

6. தடுப்பு அடுக்கு, தேவைப்பட்டால் மட்டும்

இங்கு வந்த பிறகும் அல்வா, பிரியாணி போன்றவை மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் கோட்டிங்.

ஸ்டார்ச், பாலிவினைல் ஆல்கஹால், சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) போன்றவை எண்ணெயை நன்றாக நிறுத்தும், ஆலையில் கரைந்தும் போகும். ஈரத்தில் இளகிவிடுவதுதான் குறை. அல்வாவுக்குப் பொருந்தும், ஆவி பறக்கும் பிரியாணிக்குப் பொருந்தாது. பிரியாணிக்கு அக்ரிலிக் அல்லது ஸ்டைரீன்-பியூட்டடீன் டிஸ்பர்ஷன், களிமண் அல்லது டால்க் தகடுகள் கலந்தது.

ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. சதுர மீட்டருக்கு 10 கிராமை ஒரே முறையில் பூசினால் காயும்போது ஊசித்துளை விழும். 5 கிராமாக இரண்டு முறை பூசினால் முதல் அடுக்கின் துளை இரண்டாவதில் மூடிக்கொள்ளும்.

நாரல்லாத பொருளின் பங்கை எடைக் கணக்கில் 5 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். 250 ஜி.எஸ்.எம். அட்டையில் 15 கிராம் பி.இ. என்றால் 265க்கு 15, அதாவது 5.7 சதவீதம். 10 கிராம் டிஸ்பர்ஷன் என்றால் 3.8. சதவீதம் குறைவதைவிட, பி.இ. அகலத் துண்டுகளாக மிதந்து சல்லடையை அடைப்பதும், டிஸ்பர்ஷன் நொறுங்கி நாரை விடுவிப்பதும்தான் ஆலைக்கு முக்கியம்.

பி.எல்.ஏ. பூசிய குவளையை மறுசுழற்சிக்கு ஏற்றது என்று விற்பது பெரிய குழப்பம். மட்கும் என்பது வேறு, கூழாகும் என்பது வேறு. கூழ்த்தொட்டிக்குள் பி.எல்.ஏ. நடந்துகொள்வது பி.இ. மாதிரியேதான். பாரஃபின் மெழுகையும் தவிருங்கள், தாளில் வழுக்கல் புள்ளிகளாக எழும்.

விற்பவர் "கிட் 12" என்று பெருமையாகச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். ஆமணக்கெண்ணெய், டொலுவீன், ஹெப்டேன் கலவைகளை 1 முதல் 12 வரை எண்ணிட்டு, 15 விநாடி சொட்டு விட்டுப் பார்ப்பது அந்தச் சோதனை. ஃபுளோரின் ரசாயனங்கள் எண்ணெயைத் தள்ளுவதை அளக்க உருவானது. அதில் அதிக எண் வாங்கும் வெறும் தாளைச் சந்தேகிக்க வேண்டும், கொண்டாடக் கூடாது. குறைந்த எண் வாங்கும் படலத் தடுப்பு நிஜ உணவில் நன்றாகவே தாங்கலாம். உங்கள் உணவின் சூட்டில், உங்கள் நேர அளவுக்கு, மடித்த பெட்டியில் சிவப்பு எண்ணெய் விட்டுப் பார்ப்பதே நம்பத் தகுந்தது. பிரியாணிப் பெட்டிக்கு 70 டிகிரி எண்ணெய், ஒரு மணி நேரம்.

7. பசை, மை, மற்ற சில்லறைகள்

பக்கவாட்டு ஒட்டுக்கு ஸ்டார்ச் அல்லது டெக்ஸ்ட்ரின் பசை முதல் தேர்வு, நீரில் கரைந்துவிடும். வேகமான இயந்திரத்துக்கு வி.ஏ.இ. (வினைல் அசிட்டேட்-எத்திலீன்) பசை வாங்கும்போது தாலேட் இளக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட் மெல்ட் பசை தவிர்க்க முடியாதென்றால், இளகும் வெப்பம் 70 டிகிரிக்கு மேல் உள்ளதை, தடித்த பெரிய புள்ளிகளாக வையுங்கள். மெல்லிய கோடாக இழுத்தால் தொட்டியில் பொடிப்பொடியாகிச் சல்லடையைத் தாண்டிவிடும். பெரிய துண்டாக இருந்தால் சல்லடையிலேயே நிற்கும். பசை குறைவாகப் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

மைக்கு ஐ.எஸ். 15495 தரம்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறை சொல்வது. செய்தித்தாளில் உணவு சுற்றுவதை அதே விதிமுறை தடுக்கிறது. சாதா ஆஃப்செட் மையில் கனிம எண்ணெய் உண்டு, அது இல்லாததைக் கேட்டு வாங்கலாம். யு.வி. மை, யு.வி. வார்னிஷ் வேண்டாம். புற ஊதா ஒளியில் மையை இறுக வைக்கும் பென்சோபீனோன் போன்ற ஒளித்தூண்டிகள் அதில் உண்டு, அவை அட்டையை ஊடுருவி உள்ளே வரும். ஐரோப்பாவில் 2005இல் குழந்தைகளுக்கான பால் பெட்டிகளில் ஐ.டி.எக்ஸ். என்ற ஒளித்தூண்டி இப்படித்தான் அகப்பட்டது.

உட்புறம் அச்சடிக்கவில்லை என்பதால் மை உள்ளே வராது என்று எண்ண வேண்டாம். அச்சடித்த தாள்களை அடுக்கி வைத்தால் ஒன்றின் வெளிமுகம் அடுத்ததன் உள்முகத்தில் அழுந்தும், மையிலுள்ள எண்ணெய் மாறும். நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள், அடுக்கின் உயரத்தையும் குறையுங்கள்.

பி.ஓ.பி.பி. (பாலிபுரொப்பிலீன் படலம்) லேமினேஷன், தங்கத் தகடு, ஜிகினா, பிளாஸ்டிக் ஜன்னல் நான்கையும் விட்டால்தான் இனிப்புப் பெட்டி மறுசுழற்சிக்கு வரும். கல்யாண ஆர்டர்காரர்களிடம் இதைச் சொல்வது எளிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் சார்ந்த வார்னிஷில் பளபளப்பு முக்கால்வாசி வரும் என்று மாதிரி காட்டினால் பலர் இறங்கி வருவார்கள். நூல், ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின் மூன்றும் வேண்டாம். பின்னை ஆலையின் காந்தம் பிடித்துவிடும், ஆனால் அதற்கு முன் சாப்பிடுபவர் வாய் இருக்கிறது. தாளிலேயே வெட்டிய செருகுப் பூட்டு போதும்.

8. எழுத்தில் வாங்க வேண்டியவை

"ஃபுட் கிரேடு" என்ற ஒற்றை வரிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. எந்த உணவுக்கு, எத்தனை டிகிரிக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று அதில் இருக்க வேண்டும்.

"பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இல்லை" என்ற வாசகத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உள்ள குடும்பத்தில் அவை இரண்டே இரண்டு. "எந்த பி.எஃப்.ஏ.எஸ்.ஸும் தெரிந்து சேர்க்கப்படவில்லை, மொத்த ஃபுளோரின் 50 மி.கி./கி.கி.க்குக் கீழ்" என்று கேளுங்கள். தாள், கோட்டிங், பசை, மை, நுரை அடக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும்.

50 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 2026 ஆகஸ்ட் 12 முதல் அமலாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025/40 பேக்கேஜிங் ஒழுங்குமுறை, உணவு தொடும் பேக்கேஜிங்கில் மொத்தம் 50 பி.பி.எம். (மி.கி./கி.கி.), தனியொரு பி.எஃப்.ஏ.எஸ். 25 பி.பி.பி. (நூறு கோடியில் 25 பங்கு), அளந்தவற்றின் கூட்டுத்தொகை 250 பி.பி.பி. என்று வரம்பு வைத்திருக்கிறது. டென்மார்க் 2020 ஜூலையிலேயே காகிதத்தில் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் எண்ணெய் எதிர்ப்புக்கான இந்த ரசாயனங்கள் உணவுக் காகிதத்துக்கு இப்போது விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஏற்றுமதி செய்யாவிட்டாலும் இந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் அடக்கம். அக்ரிலிக் டிஸ்பர்ஷனும் பாலிமர்தான். அதைப் பூசிய பெட்டியில் "பிளாஸ்டிக் இல்லாதது" என்று அச்சடித்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

9. வாளிச் சோதனை

ஐரோப்பியக் காகித ஆலைகளின் கூட்டமைப்பான செபி வகுத்த ஆய்வக முறையைத் தழுவிய எளிய வடிவம் இது. ஆய்வகச் சான்றுக்கு மாற்றாகாது, ஆனால் தேறாத பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பணம் வீணாக்குவதைத் தடுக்கும்.

முழுதாக முடிந்த பெட்டியை, அதாவது அச்சு, பசை எல்லாம் சேர்ந்ததை, 3 செ.மீ. துண்டுகளாகக் கிழித்து 25 கிராம் எடுங்கள். வெறும் அட்டையைச் சோதித்துவிட்டுத் தேறியது என்பது பரவலான தவறு. 40 டிகிரி நீர் 1 லிட்டரில் போட்டுப் பெயிண்ட் கலக்கியால் 10 நிமிடம் கலக்குங்கள். முந்தின நாள் ஊறவைக்கக் கூடாது, ஆலையில் அந்த நேரம் கிடைக்காது. மிக்சியும் கூடாது. மிக்சியின் கத்தி படலத்தையும் நாரையும் ஒன்றாக நறுக்கிவிடும், எதைப் போட்டாலும் கூழாகிவிட்டது போலவே தெரியும்.

ஜல்லிக்கரண்டியில் வடிகட்டி, நிற்பதைக் கழுவிக் காயவைத்து எடை பாருங்கள். 1.25 கிராமைத் தாண்டினால், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் நின்றால், ஆறாவது படிக்குத் திரும்புங்கள். நின்றதில் படலமா, கூழாகாத அட்டைத் துண்டா என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். அட்டைத் துண்டு என்றால் குற்றவாளி பெரும்பாலும் கோட்டிங் இல்லை, வெட் ஸ்ட்ரெங்த் பிசின்.

வடிந்த கூழில் கொஞ்சம் எடுத்துப் பருத்தித் துணியில் வடித்து, தட்டையாக அழுத்திக் காயவையுங்கள். அந்தத் தாளை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கம்பளித் துணிக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, ஆறியபின் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டு நார் பிய்ந்தால் பிசுபிசுப்பு இருக்கிறது. ஆலையில் அது உருளையில் ஒட்டித் தாளை அறுக்கும்.

10. ஆய்வகம், மலிவானதிலிருந்து

முதலில் மொத்த ஃபுளோரின், எரித்து அயனிப் பகுப்பு செய்யும் முறையில். அறிக்கையின் கண்டறியும் எல்லை 10 மி.கி./கி.கி. அளவிலாவது இருக்க வேண்டும். எல்லையே 100 என்றால் "கண்டறியப்படவில்லை" என்பதற்குப் பொருளில்லை. 50ஐத் தாண்டினால் உடனே பயப்பட வேண்டாம். களிமண், டால்க் போன்ற நிரப்பிகளில் கனிம ஃபுளோரைடு இருக்கலாம். கரிம ஃபுளோரினைத் தனியே அளக்கச் சொல்லுங்கள். அதுவும் அதிகமானால்தான் விலை கூடிய தனித்தனிப் பகுப்பு.

பெட்டியில் சேர்க்காத ஃபுளோரின் வருகிறதென்றால் மூன்று இடம் பாருங்கள்: கோட்டிங் இயந்திரத் தொட்டியில் முந்தைய ஓட்டத்தின் மிச்சம், மறுசுழற்சிக் கூழ், உட்சுவரை ஃபுளோரினேற்றம் செய்த பிளாஸ்டிக் டிரம்களில் வந்த ரசாயனம்.

அடுத்து தாளை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் 3-எம்.சி.பி.டி., 1,3-டி.சி.பி. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர். பரிந்துரைப்படி முதலாவது லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குள், இரண்டாவது 2 மைக்ரோகிராம் அளவில் கண்டறியப்படாமல் இருக்க வேண்டும். மறுசுழற்சி நார் எங்காவது இருந்தால் கனிம எண்ணெய்ப் பகுப்பு, அந்த மாதிரியை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புங்கள். பிறகு கன உலோகங்கள்.

வாடைச் சோதனையை நீங்களே செய்யலாம். துருவிய சாக்லேட்டையும் பெட்டித் துண்டையும் ஒரே கண்ணாடிப் புட்டியில், ஒன்றையொன்று தொடாமல், மூடி 24 மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் சாக்லேட் மட்டும் வைத்த புட்டி ஒன்று. எது எது என்று சொல்லாமல் நாலைந்து பேரைச் சுவைக்கச் சொல்லுங்கள். மை சரியாகக் காயவில்லை என்றால் நாக்கு உடனே சொல்லிவிடும்.

11. முதல் ஓட்டம்

கோட்டிங் ரீலைச் சுருட்டும்போது தாளில் வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. சூட்டோடு சுருட்டினால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கோட்டிங் உரிந்து வரும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் கிடங்கில் இது இன்னும் மோசம். முன்கூட்டியே தெரிய, பத்துத் தாளை முகமும் முதுகுமாக அடுக்கி, 5 கிலோ எடை வைத்து, 45 டிகிரியில் ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள்.

மடிப்புக் கோட்டை நார் ஓடும் திசையைப் பார்த்து வையுங்கள். நாருக்குக் குறுக்கே போகும் மடிப்பில் கோட்டிங் விரிசல் விடும். எல்லா மடிப்பையும் நாரோடு வைக்க முடியாது. எண்ணெய் தேங்கும் அடி மூலைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள், மூடி மடிப்பு எப்படிப் போனாலும் பரவாயில்லை. முதல் நூறு பெட்டியில் பத்தை எடுத்துச் சிவப்பு எண்ணெய் விட்டுப் பார்த்த பிறகே மீதியை ஓட்டுங்கள்.

முடிந்த பெட்டிகளை டீசல், தின்னர், பழைய பேப்பர் மூட்டை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். ஆவி வழியே எல்லாம் தாளில் ஏறும்.

12. பெட்டியில் எழுத வேண்டியதும், பிறகு செய்ய வேண்டியதும்

மறுசுழற்சி அம்புக்குறி மட்டும் போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. "உள்தாளை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தட்டையாக மடித்துப் பழைய பேப்பரோடு போடவும்" என்று மூடியின் உட்புறம் அல்ல, வெளிப்புறம் எழுதுங்கள். சூட்டு வரம்பும் நேர வரம்பும் கடைக்காரருக்கு வெளிக்கட்டில் போகட்டும். வடைக்குச் செய்த பையில் அவர் குருமாவை ஊற்றினால் குறை உங்கள் தலையில்தான் விழும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்து பெட்டியை ரீல் எண்ணோடு எடுத்து, அந்தச் சரக்கு விற்றுத் தீரும் வரை வையுங்கள். தாள், கோட்டிங், பசை, மை நான்கில் ஒன்றை விற்பவர் மாற்றினாலும், "அதே சரக்குதான், பெயர் மட்டும் வேறு" என்று சொன்னாலும், எண்ணெய்ச் சொட்டு, வாளிச் சோதனை, மொத்த ஃபுளோரின் மூன்றையும் மறுபடி செய்யுங்கள். மாற்றம் இல்லாவிட்டாலும் மொத்த ஃபுளோரினை வருடம் ஒருமுறை பாருங்கள்.